தி-ஹுவா-ஜியா-லுவோ: சீன ஆவணங்களில் ஒரு பெயர், இரு நாடுகள்

1077ஆம் ஆண்டில் சோங் பேரரசின் அவைக்கு வந்த இரண்டு தூதுகளைச் 'சோங் வரலாறு' குறித்து வைத்திருக்கிறது. ஒன்று ஜூ-நியென் நாட்டு அரசன் தி-ஹுவா-ஜியா-லுவோ அனுப்பியது. மற்றொன்று சான்-ஃபோ-சி நாட்டுப் பெருந்தலைவன் தி-ஹுவா-ஜியா-லுவோ தானே வந்தது. ஜூ-நியென் என்பது சோழநாடு. சான்-ஃபோ-சி என்பது ஸ்ரீவிஜயம். நம் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கடாரத்தரையன் என்று சொல்பவனுடைய நாடு. சோழனைக் குறிக்கும் இடத்திலும் ஸ்ரீவிஜயத் தலைவனைக் குறிக்கும் இடத்திலும் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் சிறிது மாறுகின்றன. ஒலி மாறவில்லை.

மூன்றாவது சான்று கல்லில் இருக்கிறது. 1052இல் நோங் ஜிகாவின் கிளர்ச்சிப் படை குவாங்ஜோ நகரை முற்றுகையிட்டபோது அங்கிருந்த தியென்சிங் என்னும் தாவோ கோயில் அழிந்தது. அது மீண்டும் கட்டப்பட்ட வரலாற்றை 1079ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. ஜிபிங் ஆண்டுகளில், அதாவது 1064க்கும் 1067க்கும் இடையே, சான்-ஃபோ-சி நாட்டின் தலைவன் தி-ஹுவா-ஜியா-லுவோ அனுப்பிய ஆள் ஒருவன் கோயில் பாழடைந்து கிடப்பதைக் கண்டு போய்ச் சொன்னானாம். திருப்பணிக்கான பொருள் அந்தத் தலைவனிடமிருந்தே வந்தது.

இந்த மூன்று இடங்களிலும் வருபவன் ஒரே ஆளா? அவன் முதலாம் குலோத்துங்கனா? சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1077ஆம் ஆண்டுப் பெயரை 'தேவ குலோ(த்துங்க)' என்று படித்தார். 1070இல் அரியணை ஏறிய குலோத்துங்கனுக்கு ஆண்டு பொருந்தியது. பிறகு 1964இல் டான் இயோக் சியோங் குவாங்ஜோ கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டபோது, அதே பெயர் ஸ்ரீவிஜயத் தலைவனுக்கும் இருப்பது பேசுபொருளாயிற்று. குலோத்துங்கன் அரசனாகும் முன்பு கடாரத்தில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தான் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. சோழ மன்னன் சீனத்தில் கோயில் கட்டினான் என்று இன்று மேடைகளில் கேட்கும் பேச்சுக்கு வேர் இதுதான்.

இந்தக் கருத்து பெயர் ஒற்றுமையை நம்பியது. சீன மொழியிலோ பெயர் ஒற்றுமை இரண்டு வழிகளில் நேர்கிறது. முதலாவது நம் பக்கத்துக் குறை. ஃபூஜியென் மாநிலத்திலும் ஜியாங்சி மாநிலத்திலும் ஃபூஜோ என்ற நகரம் உண்டு. ஜியாங்சு மாநிலத்திலும் அன்ஹுய் மாநிலத்திலும் சூஜோ உண்டு. சீன எழுத்தில் இவை வெவ்வேறு; ஒலியை மட்டும் எடுத்துத் தமிழிலோ ரோமன் எழுத்திலோ எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. இரண்டாவது அவர்கள் பக்கத்துச் சிக்கல். அயல்நாட்டுப் பெயரைக் காதால் கேட்டு, அதன் ஒலிக்கு அருகில் உள்ள எழுத்துகளை எழுத்தர்கள் கோத்தார்கள். அவர்கள் கேட்டதோ மொழிபெயர்ப்பாளன் வாய்வழியே வந்த ஒலி. ஆகவே இரண்டு வெவ்வேறு பெயர்கள் ஒரே வடிவம் பெறலாம். ஒரே பெயர் இரண்டு வடிவமும் பெறலாம்.

இதனால் சீனக் குறிப்புகளையே நம்பக் கூடாது என்று சொல்ல வரவில்லை. 1015இல் வந்த தூதை அனுப்பியவன் லுவோ-சா-லுவோ-ஜா. இது ராஜராஜன் என்பதில் ஐயமில்லை. ஆனால் ராஜராஜன் 1014இலேயே மறைந்துவிட்டான். தூதர்கள் சொந்த நாட்டை விட்டுக் குவாங்ஜோ வந்து சேர 1,150 நாள் ஆனதாக அதே குறிப்பு சொல்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேல். புறப்பட்டபோது அரசன் உயிரோடிருந்தான். பெயர், காலம், பயணம் மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. 1033ஆம் ஆண்டுத் தூதில் அரசன் பெயர் ஷி-லி-லுவோ-சா-யின்-துவோ-லுவோ-ஜூ-லுவோ. 'ஸ்ரீ ராஜேந்திர சோழ' என்று எழுத்துக்கு எழுத்து காதில் விழுகிறது. இந்த இரண்டுக்கும் வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை.

தி-ஹுவா-ஜியா-லுவோவுக்கு அந்த உறுதி கிடையாது. 'தேவ குலோ' என்று படிக்க வேண்டுமானால் குலோத்துங்கன் என்ற பெயரில் பாதிக்கு மேல் எழுதப்படாமல் போனது என்று கொள்ள வேண்டும். 'திவாகர' என்று படித்தாலோ எதையும் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. திவாகரன் என்ற வடமொழிப் பெயர் ஸ்ரீவிஜயத்து உயர்குடியினருக்கும் இருந்திருக்கக்கூடியதே. ஒலி ஒன்றே சான்றென்றால் அது குலோத்துங்கனுக்கு எதிராகவே நிற்கிறது.

ஒரே பெயரால் வரும் இடர் தமிழ்க் கல்வெட்டாய்வாளர்களுக்குப் புதிதல்ல. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிச் சூடினார்கள். மெய்க்கீர்த்தி இல்லாத ஒரு கல்லில் 'கோராஜகேசரிவர்மர்க்கு யாண்டு' என்று மட்டும் இருந்தால் அது யார் காலத்தது என்று பட்டத்தைக் கொண்டு சொல்ல முடியாது. எழுத்தமைதி, கல்லில் வரும் அதிகாரிகளின் பெயர், நாள், நட்சத்திரம் எல்லாவற்றையும் பார்த்த பிறகே காலம் குறிப்பார்கள். குலோத்துங்கனே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் அவன் பெயர் ராஜேந்திரன்; தாய்வழிப் பாட்டன் கங்கைகொண்டானின் அதே பெயர்.  பெங்களூருவிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டரில், கோலாரில் உள்ள கோலாரம்மா கோயிலில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டும் உண்டு, குலோத்துங்கனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் உண்டு. இரண்டிலும் அரசன் ராஜேந்திரன்தான். பெயரை மட்டும் பார்ப்பவர் நாற்பது ஆண்டு தவறிவிடுவார்.

அதே ஒழுங்கைக் குவாங்ஜோ கல்லுக்கும் கைக்கொள்வோம். முதலில் காலம். கல்வெட்டுச் சொல்லும் 1064–67இல் குலோத்துங்கன் சோழ அரசன் அல்லன். வேங்கிச் சாளுக்கிய ராஜராஜ நரேந்திரனின் மகன். அடுத்து, அவன் செய்ததாக அவனுடைய ஆவணங்களே சொல்பவை. இளங்கோப் பருவத்து வெற்றிகளாகத் தொடக்க கால மெய்க்கீர்த்தி பாடுவது சக்கரக்கோட்டத்தையும் வயிராகரத்தையும். கடல் கடந்து ஒரு நாட்டை ஆண்ட இளவரசனின் புலவர்கள் அதை விட்டுவிட்டுக் காட்டு நாட்டு வெற்றியைப் பாடியிருப்பார்களா? வீரராஜேந்திரன் தன் ஏழாம் ஆட்சியாண்டில் கடாரத்தை வென்று, தன் கழல் பணிந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறான். அதிலும் குலோத்துங்கன் இல்லை. பின்னர் 1090இல், சிறிய லெய்டன் செப்பேட்டின்படி, கிடாரத்தரையன் இரண்டு சாமந்தர்களைக் குலோத்துங்கனிடம் தூதாக அனுப்பி, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரிவிலக்கு உறுதியைக் கேட்டுப் பெறுகிறான். அதில் வரும் இரு அரசர்களும் தெளிவாக இரு வேறு ஆட்கள்.

பெயரைக் காட்டிலும் உடன்வந்தவர்களே துப்புக் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். 1077ஆம் ஆண்டுச் 'சோழ'த் தூதின் தலைவன் சி-லுவோ-லுவோ. குவாங்ஜோ கல்வெட்டில் ஸ்ரீவிஜயத் தலைவன் அனுப்பிய ஆள் ஜி-லுவோ-லுவோ. அனுப்பியவன் பெயரும் வந்தவன் பெயரும் சேர்ந்து இரு முறை தற்செயலாக ஒத்துப்போவது எளிதில் நடக்காது. இரண்டும் ஒரே கூட்டத்தைச் சுட்டுகின்றன. அந்தக் கூட்டம் ஸ்ரீவிஜயத்திலிருந்து வந்தது.

அப்படியானால் சோழர் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? விடைக்கு அருகில் நம்மைக் கொண்டுபோவது 1106ஆம் ஆண்டுக் குறிப்பு. பகான் நாட்டுத் தூதை எவ்வாறு மதிப்பது என்று சோங் அவையில் எழுந்த பேச்சில், சோழநாடு சான்-ஃபோ-சிக்கு அடங்கியது, அதனால்தான் சினிங் ஆண்டுகளில் அதற்கு மதிப்புக் குறைந்த தாளில் ஆணை எழுதப்பட்டது என்கிறார்கள் அதிகாரிகள். சினிங்கின் கடைசி ஆண்டு 1077. ராஜேந்திரன் 1025இல் கடாரத்தைச் சூறையாடியிருக்க, சுமார் அரை நூற்றாண்டில் சோழன் கடாரத்துக்குத் திறை செலுத்துபவனாக அந்த அவையில் அறியப்பட்டிருக்கிறான்! கடல் வாணிகத்தில் இடைநின்ற ஸ்ரீவிஜயத்தார் தங்களுக்கு ஆதாயமாகப் பரப்பிய செய்தி இது என்று வரலாற்றாய்வாளர் தான்சென் சென் வாதிடுகிறார். அந்த வாதம் ஏற்கத் தக்கது. சீன அவையில் சோழருக்காகப் பேசியவன் சோழனின் போட்டியாளன்.

சான்-ஃபோ-சி என்ற பெயரும் ஓர் ஊரோடு நிற்கவில்லை. சுமத்ராத் தீவின் பலெம்பாங் சார்ந்த பழைய அரசுக்கு வழங்கிய அது, 1079இலும் 1082இலும் 'சான்-ஃபோ-சி ஜான்-பெய்' என்று ஜாம்பியோடு சேர்ந்து வருகிறது. தி-ஹுவா-ஜியா-லுவோ எந்தச் சான்-ஃபோ-சிக்குத் தலைவன் என்பதையும் பெயரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

மறுபக்கத்துச் சான்றையும் மறைக்கக் கூடாது. 1077ஆம் ஆண்டுத் தூதில் இருபத்தேழு பேர். துணைத் தூதன் நான்-பெய்-பா-தா. 'நம்பி பட்டன்' போல ஒலிக்கும் பெயர். அவர்கள் படியேறி, மண்டியிட்டு, முத்தும் கற்பூரமும் தூவி வணங்கினார்கள். மன்னனுக்குப் பரிசாக 81,800 கோவைச் செப்புக் காசும் 52,000 தேல் வெள்ளியும் கொடுத்தனுப்பப்பட்டன. முத்து நம் கடற்கரைப் பொருள். தமிழ் வணிகர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஸ்ரீவிஜயத் துறைமுகங்களில் அவர்கள் இருந்ததற்கு 1088ஆம் ஆண்டு பாரூஸ் தமிழ்க் கல்வெட்டே சாட்சி. தமிழர் வந்தார்கள் என்பதிலிருந்து சோழ மன்னன் அனுப்பினான் என்பது பெறப்படாது.

ஆகவே சீனத்துக்குச் சென்ற சோழத் தூதுகளைப் பட்டியலிடும் நூல்கள் 1015ஐயும் 1033ஐயும் உறுதியாக எழுதலாம். 1077ஐ ஐயக் குறியோடுதான் எழுத வேண்டும். குவாங்ஜோக் கோயில் திருப்பணியைக் குலோத்துங்கன் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அது ஸ்ரீவிஜயத் தலைவன் ஒருவன் செய்த கொடை.