மின்னேட்டு வரலாறும் பாட ஆராய்ச்சியும்

நூல்கள் நம் முன்னோர்க்கு ஓலையிற் கிடைத்தன. அவர்தம் வழித்தோன்றல்கட்கு அச்சுத் தாளிற் கிடைத்தன. இந்நாளிலோ உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியின் திரையிற் கிடைக்கின்றன. ஏடு மாறுந்தோறும் நூலைப் பெறும் எளிமை பெருகிற்று. பாடம் வழுவுதற்குரிய வாயிலும் உடன் திறந்தது. இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாம்.

சுவடிக் காலத்தில் ஒரு நூலைக் கற்க விழைந்தோர், அஃதிருக்கும் இடத்தை வினவியறிந்து, நடந்து சென்று, உடையாரை வேண்டி, இருந்து படியெடுத்தனர். ஆறுமுக நாவலர் (1822–1879), சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901), உ. வே. சாமிநாதையர் (1855–1942) முதலிய பெரியோர் அந்நூல்களை அச்சேற்றி யாவர்க்கும் உரியவாக்கினர். அவர் செய்தது அச்சேற்றல் மாத்திரமன்று. ஐயரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடந் தெளிந்தமை யாவரும் அறிந்ததே. ஆகவே எளிமையும் செம்மையும் அவர்தம் பதிப்புக்களில் ஒருங்கே நின்றன.

இனி மின்னேட்டின் தோற்றத்தைக் காண்போம். அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்து மாணாக்கராயிருந்த மைக்கேல் ஹார்ட் என்பார், 1971 சூலை 4-ஆம் நாள், அந்நாட்டின் விடுதலைச் சாற்றுரையைத் தம் கையாற் கணினியில் தட்டெழுதிப் பிறர் பெறுமாறு வைத்தார். அதனினின்றும் வளர்ந்ததே கூட்டன்பர்க் திட்டம். 2000-ஆம் ஆண்டில் சார்லசு பிராங்சு என்பார், பழம் பதிப்பின் பக்கப்படத்தை ஒருபாலும் அதன் எழுத்துப்படியை மற்றொருபாலும் வைத்து, தொண்டர் பலர் பலமுறை ஒப்புநோக்கித் திருத்தும் முறையொன்றை வகுத்தார். தமிழுக்கோ, 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரிலிருந்த வேதியியலறிஞர் கல்யாணசுந்தரம் என்பாரது முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாட்டுத் தமிழன்பர் ஊதியங் கருதாது தட்டெழுதி அதனை வளர்த்தனர். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதி 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெசுகோ மன்றத்தால் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இங்ஙனம் வைக்கத்தகும் நூல்கள் யாவை? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டு என்றிருந்த உரிமைக் காலம் 1992-இல் 60 ஆண்டாக நீட்டப்பெற்றது. அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கமே கணக்கின் முதல். ஐயரவர்கள் 1942-இல் மறைந்தனராதலின், அவர் தம் வாழ்நாளில் வெளியிட்டவை 2003 தொடக்கத்திற் பொதுவாயின. தமிழக அரசு மரபுரிமையாளர்க்குப் பொருள் வழங்கிச் சிலர் நூல்களை நாட்டுடைமை ஆக்குதலும் உண்டு. மூலம் பழையதாயின் அதற்கு நேற்றெழுதிய உரையும் பொதுவென மயங்கற்க. திருமுறை எல்லார்க்கும் பொது. அண்மையில் உரை கண்டாரது உழைப்பு, காலம் முடியுந்துணையும் அவர்க்கும் அவர் வழியினர்க்குமே உரியது.

இனி எஞ்சியது பாடத்தின் செம்மை. இணையத்து நூல்கள் இருவகைய: பக்கத்தைப் படமாகப் பிடித்து வைத்தன ஒருவகை, எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டன மற்றொருவகை. முன்னையது பழம் பதிப்பை உள்ளவாறே காட்டும். பின்னையது தேடுதற்கு எளிதாயினும் பிழை புகுதற்கு இடந்தருவது. ஓலையில் ரகரமும் காலும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையால் பழைய படியெழுதுவோர் இடர்ப்பட்டனர். இன்று படத்தினின்று எழுத்தைக் கண்டறியும் கருவியும் அவ்விடத்தே இடறுகின்றது! நூறாண்டுக்கு மேலாகப் பதிப்பாசிரியர் களைந்த களை மீண்டும் முளைக்கின்றது.

சின்னாட்களுக்கு முன் யாம் ஒரு விருத்தத்தைத் தட்டச்சுப் படி ஒன்றினின்று எடுத்தெழுதியபோது, மூன்றாமடியில் எதுகை இடறிற்று. இளமையில் மடத்துத் திண்ணையில் மனனஞ் செய்த செவி அதனை ஏற்கவில்லை. உடனே அவ்விணையத்திலேயே இருந்த பழம் பதிப்பின் படத்தைத் திறந்து நோக்க, காலாக நின்றது மெய்யாக ரகரமே எனத் தெளிந்தது. அறியாது அச்சிற்குத் தந்திருப்பின், அப்பாடத்தின்மேற் கட்டிய பொருளும் சரிந்திருக்கும்; எம்மை மேற்கோளாகக் கொண்டு பிறரும் வழுவியிருப்பர். நோய் வந்த இடத்திலேயே மருந்தும் இருந்தமை வியப்பே.

தேடற்கருவி பற்றியும் ஒன்று கூறுதும். ‘அருள்’ என்று தேடுவார்க்குத் ‘திருவருட்பயன்’ என்னும் நூற்பெயர்தானும் அகப்படாது. ளகரம் டகரமாய்த் திரிந்து நிற்றலின் என்க. கருவி எழுத்தைத் தேடும். சொல்லைத் தேடுவது புணர்ச்சி கற்றாரது அறிவே. ஆதலின், திரையிற் கிடைத்திலது என்பதுகொண்டு நூலில் இச்சொல் இல்லை எனத் துணிதல் அடாது.

மின்னேட்டை இகழ்வாரும் அதனையே முடிந்த சான்றாகக் கொள்வாரும் ஒருதன்மையரே. இருவரும் ஒப்புநோக்கும் உழைப்பினின்றும் நழுவுவோர். சைவ நன்மக்கள் மேற்கோள் காட்டுங்கால் பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பாண்டும் குறிக்க. பக்கப்படத்தோடு ஒருமுறை ஒத்துப்பார்க்க. கண்ட பிழையைப் படி வைத்தார்க்கு எழுதித் தெரிவிக்க. ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் நாடோறும் ஒரு பக்கம் திருத்தினும், ஓராண்டில் ஒரு சிறு நூல் செம்மையுறும். தொண்டர் பலர் கூலி பெறாது தட்டெழுதித் தந்ததனைச் செப்பஞ் செய்து தருதல், ஏடு பார்த்துப் பாடஞ் சொன்ன ஆசிரியர்க்கு நாம் இறுக்கும் கடனாகும்.