செயற்கை நுண்ணறிவுக் கல்வியிற் செய்நிரல்களின் இடம்

1966 ஆம் ஆண்டில், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்னும் கணனிச் செய்நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தட்டச்சிற் பொறிக்கப்படும் வாக்கியத்திலே சில சொற்களை இனங்கண்டு, அவற்றையே வினாவாக்கித் திருப்புவதன்றி அச் செய்நிரல் பொருளெதனையும் அறியாது. எனினும், அது உருவாவதை மாதக்கணக்கில் அருகிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது உரையாடியதும், அவரை அறையை விட்டு வெளியேறுமாறு வேண்டினார். பொறியை வெளியிலிருந்து நோக்குவதால் மட்டும் அதன் இயல்பு விளங்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உள்ளிருந்து காட்டும் முயற்சி யேல் பல்கலைக்கழகத்தில் வளம்பெற்றது. றொஜர் ஷாங்க் தலைமையிலான ஆய்வாளர் அங்கே கதைகளை விளங்கவும் புனையவும் முயலும் செய்நிரல்களை ஆக்கினர். அவற்றுள் ஒன்று, ஜேம்ஸ் மீகன் 1976 இல் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வின் பயனான ‘ரேல்-ஸ்பின்’. அது புனைந்த கதையொன்றிலே, பசித்த கரடி தேன் எங்குளதெனப் பறவையை வினவுகிறது. ஓக் மரத்திலே தேன்கூடு உண்டு எனப் பறவை விடையிறுக்கிறது. கரடியோ, தேன் உள்ள இடத்தைக் கூறாவிடின் அடிப்பேன் என அச்சுறுத்துகிறது! தேன்கூட்டிலே தேன் இருக்கும் என்பதை எவரும் பொறிக்கு உணர்த்தவில்லை. அக் குறையைத் திருத்தியபின், கரடி மரத்தை அடைந்து தேன்கூட்டையே உண்டுவிட்டது. இப் பிழைகளை மீகன் மறையாது பதிவுசெய்தமை பாராட்டற்குரியது. நாம் அறிவெனக் கருதாமலே அறிந்திருப்பவை எத்துணைப் பல என்பதை, பிழையின்றி முடிந்த கதைகளைக் காட்டிலும் இவையே தெளிவாகப் புலப்படுத்தின.

1981 இல் ஷாங்க்கும் கிறிஸ்ரோபர் றீஸ்பெக்கும் பதிப்பித்த நூல், ரேல்-ஸ்பின் உள்ளிட்ட ஐந்து செய்நிரல்களை விளக்கியதோடமையாது, மாணவர் தாமே இயக்கி மாற்றிப் பார்க்கத்தக்க சிற்றுருக்களையும் லிஸ்ப் மொழியில் அச்சிட்டது. பீற்றர் நோர்விக் 1992 இல் வெளியிட்ட நூலும் இவ்வழியினதே. நியூவெல், சைமன் முதலியோரின் ‘பொதுப் பிரச்சினை தீர்ப்பா’னை அவர் முதலில் எளிதாக எழுதி, அது தவறும் இடங்களைக் காட்டி, பின்னரே திருத்துகிறார். செயலாளரை மயக்கிய எலைசாவின் உள்ளமைப்பும் அந்நூலிற் சில பக்கங்களுள் அடங்கிவிடுகிறது.

இம்முறைக்கு ஒரு வரம்புண்டு. கரடியின் பிழைக்குக் காரணமான விடுபட்ட விதியைச் சுட்டிக்காட்ட முடிந்தது. எடுத்துக்காட்டுகளாற் பயிற்றப்படும் நரம்பு வலையமைப்புகளிலோ, அறிவு எண்ணிறந்த எண்களிற் பரந்து கிடப்பதால், மாணவன் சுட்டுவதற்குத் தனி வரியொன்று பெரும்பாலும் அகப்படுவதில்லை.