புலம் பிரித்தெடுத்தல் (நிரலாக்கம்)

ஒரே மாதிரியான ஆப்ஜெக்டுகள் அடங்கிய பட்டியலிலிருந்து ஒரு புலத்தின் மதிப்புகளை மட்டும் எடுத்துத் தனிப் பட்டியலாக்குவது புலம் பிரித்தெடுத்தல். மாணவர் பட்டியலிலிருந்து மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் எடுப்பது எளிய எடுத்துக்காட்டு. நிரலாளர்கள் பேச்சில் இது 'பிளக்'.

தரவுத்தளங்களுக்கான இதன் வடிவத்தை 1970இல் எட்கர் காட் தமது உறவுமுறைத் தரவு மாதிரியில் 'புரொஜெக்‌ஷன்' என வரையறுத்தார். அது கணக் கோட்பாட்டைச் சார்ந்ததால் இருமுறை வரும் மதிப்பு ஒருமுறையே எஞ்சும். எஸ்.க்யூ.எல். அப்படியல்ல, 'டிஸ்டிங்க்ட்' என்று கேட்டாலொழிய இரட்டிப்புகளை நீக்காது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் அண்டர்ஸ்கோர் போன்ற நூலகங்கள் இதற்கெனத் தனிச் செயற்கூறு வைத்திருந்தன. அவற்றுள் ஒன்றான லோடாஷ் 2016இல் வந்த நான்காம் பதிப்பில் அதை நீக்கி, பட்டியலின் ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் ஒரு மதிப்பை உருவாக்கித் தரும் பொதுச் செயற்கூறான 'மேப்' போதும் என்றது. சரியான முடிவுதான். பி.எச்.பி.யில் 'அரே_காலம்' 2013இல், 5.5ஆம் பதிப்பில் சேர்ந்தது.

மொழிக்கு மொழி உண்மையான வேறுபாடு, புலம் இல்லாதபோதுதான் தெரியும். மூன்று மாணவரில் இரண்டாமவருக்கு மின்னஞ்சல் புலமே இல்லை என்று கொள்வோம். ஜாவாஸ்கிரிப்ட்டின் மேப் அந்த இடத்தில் 'அன்டிஃபைன்ட்' வைத்து மூன்று மதிப்புகளைத் தரும். பைத்தானில் டிக்‌ஷனரியைச் சதுர அடைப்புக்குறியிட்டுக் கேட்டால் 'கீஎர்ரர்' எழுப்பி நின்றுவிடும். அரே_காலமோ அவரைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு இரண்டே மதிப்புகளைத் தரும். மூன்றாமவரின் முகவரி இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடும். பெயர்களையும் முகவரிகளையும் வரிசை எண்ணால் இணைக்கும் நிரலில், ஒருவர் பெயரிட்ட மடல் இன்னொருவருக்குப் போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் நின்றுபோவது இதைவிட எவ்வளவோ மேல். அரே_காலத்துக்கு மூன்றாம் அளவுருவாக மாணவர் எண் புலத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு முகவரியும் உரியவர் எண்ணோடு வரும்; இந்தச் சிக்கல் எழாது.

2012இல் வந்த பவர்ஷெல் 3.0 முதல், பட்டியலுக்குப் பின் புள்ளியிட்டுப் புலப்பெயரை எழுதினாலே போதும். ஆனால் பல கோப்புகள் உள்ள பட்டியலில் 'லெங்த்' கேட்டால் கோப்புகளின் அளவுகள் கிடைக்காது, எத்தனை கோப்புகள் என்ற எண்ணிக்கைதான் கிடைக்கும். பட்டியலுக்கே அந்தப் பெயரில் ஒரு பண்பு இருப்பதால் அது முந்திக்கொள்கிறது.

தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போது வேகமும் சேர்ந்துகொள்கிறது. ரூபி ஆன் ரெயில்ஸில் மாணவர் பெயர்களை மட்டும் எடுக்க மேப் பயன்படுத்தினால் எல்லா நெடுவரிசைகளும் வந்து, வரிசைக்கொரு ஆப்ஜெக்ட் உருவான பிறகே பெயர் எடுக்கப்படும். 3.2ஆம் பதிப்பில் வந்த பிளக், அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் தரவுத்தளத்திடம் கேட்கும். லட்சக்கணக்கான வரிசைகளில் நினைவகச் செலவு வெகுவாகக் குறையும். மாடலில் பெயரைத் திருத்தித் தர நிரலாளர் எழுதிய மெத்தட் மட்டும் அப்போது இயங்காது. தரவுத்தளத்தில் உள்ளபடியே மதிப்பு வரும்.