கம்பியில்லா அட்டையின் கதை

மடிக்கணினியினுள் இருக்கும் கம்பியில்லா வலையமைப்பு அட்டை இன்று ஏறத்தாழ ஒரு தபால்தலையின் அளவினது. பழைய அட்டையைக் கழற்றிவிட்டு வேகமான ஒன்றைப் பொருத்தலாமா என நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. திருகாணியைக் கழற்றத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதே அந்த அட்டையின் வரலாறு தரும் விடை.

1999 இல் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியை அறிமுகப்படுத்தியபோது, அன்டெனா இயந்திரத்துடனேயே வந்தது. அட்டையை 99 டொலருக்குத் தனியாக வாங்கி, விசைப்பலகையைத் தூக்கி, உரிமையாளரே செருகிக்கொள்ளலாம். வேகம் செக்கனுக்கு 11 மெகாபிட். 2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோவைக் கொண்டுவந்தது. தன் செயலி, சிப்செட், கம்பியில்லா அட்டை ஆகிய மூன்றும் இருந்தால் மாத்திரமே அந்த முத்திரையைப் பயன்படுத்தலாம் என்றது. இதன்பின் அட்டை விருப்பப்பொருள் என்ற நிலை மாறி, மடிக்கணினியின் வழமையான உறுப்பாயிற்று.

பூட்டும் அக்காலத்திலேயே விழுந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் திங்க்பேட் கணினிகளில், அனுமதிப் பட்டியலில் இல்லாத அட்டையைப் பொருத்தினால் 1802 என்ற பிழை இலக்கம் திரையில் தோன்றும். அட்டையை அகற்றும்வரை கணினி இயங்காது. வானொலிக் கருவியும் அன்டெனாவும் ஒன்றாகவே சான்றுபெற வேண்டும் என்ற அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவின் விதிகள் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தரமான அட்டையும் பட்டியலில் இல்லாவிட்டால் தள்ளப்பட்டது. 2009 இல் 802.11என் தரம் அங்கீகரிக்கப்பட்டபோது, பலரது பழைய கணினிகள் இந்தப் பூட்டினாலேயே பின்தங்கின.

ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். தேய்ந்த எழுத்தொன்றை மாற்ற அச்சுக்கோப்பாளர் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை.

இன்று பல மெல்லிய கணினிகளில் அட்டை தாய்ப்பலகையுடன் பற்றாசு வைக்கப்பட்டே வருகிறது. மாற்றுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. மறுபுறம், 2021 இல் விற்பனைக்கு வந்த பிரேம்வேர்க் மடிக்கணினி, அட்டையை உரிமையாளரே மாற்றும்படி வடிவமைக்கப்பட்டது. ஆகவே இது பொறியியலின் இயலாமையன்று, தயாரிப்பாளரின் தெரிவு. கணினி வாங்கப்போகிறவர்கள் வேகத்தையும் விலையையும் கேட்பதோடு, எந்த உறுப்பைத் தாமே மாற்றலாம் என்பதையும் கேட்டறிவது நன்று.