புத்தளக் கரையோரமும் காற்று மின் கொள்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

புத்தளக் கரையோர மக்கள் சோளகத்தையும் வாடையையும் நெடுங்காலமாக அறிந்தவர்கள். பாய்மரத்தைச் செலுத்திய அக்காற்று கற்பிட்டிக் குடாநாட்டில் மின்சாரமாக மாறியது 2010ஆம் ஆண்டிலேயாகும். காற்று என்றும் வீசியிருக்கக் காற்றாலைகள் காலந்தாழ்த்தி எழுந்தமைக்குக் காரணம் யாது? விடையை இயற்கையிலன்றி அரசின் விலைக் கொள்கையிலேயே தேடவேண்டும்.

1990களின் பிற்பகுதியில், 10 மெகாவாற்றுக்கு மேற்படாத தனியார் நிலையங்களிடமிருந்து மின்சாரம் வாங்குதற்கு இலங்கை மின்சார சபை பொது ஒப்பந்தமொன்றை வகுத்தது. அதனாற் சபைக்கு மீதமாகும் எரிபொருட் செலவே விலைக்கு அடிப்படையாயிற்று. மலைநாட்டுச் சிறு நீர்மின் நிலையங்கள் இவ்விலையில் வளர்ந்தன; பெருமுதல் வேண்டிய காற்றாலைக்கோ அது கட்டுப்படியாகவில்லை. 1999இல் அம்பாந்தோட்டையிற் சபை நிறுவிய 3 மெகாவாற்று முன்னோடி நிலையத்தைத் தனியார் உடனே பின்பற்றாமைக்கு இதனையே முதன்மைக் காரணமெனலாம்.

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை தோன்றியது. தொழில்நுட்பத்தின் உற்பத்திச் செலவுக்கேற்பத் தனித்தனி விலை வகுக்கும் முறையும் அக்காலத்தில் வந்தது. பயன் விரைவிற் புலனாயிற்று: 2010இல் மாம்புரியில் 10 மெகாவாற்றுக் காற்றாலை இயங்கலாயிற்று, கரையோரத்தில் வேறு சிலவும் தொடர்ந்தன.

எனினும் இவ்வூக்கம் நிலைக்கவில்லை. 2013ஆம் ஆண்டு மின்சாரத் திருத்தச் சட்டம் போட்டி விலைமனுவை வற்புறுத்தியமையால், முன்னறிவித்த விலையிற் புதிய ஒப்பந்தங்கள் செய்வது தடைப்பட்டது. உயர்விலையின் சுமை ஈற்றில் நுகர்வோரையே சாருமாதலாற் போட்டியை வேண்டியது நியாயமே. ஆயின் புதுவழி செப்பனிடப்படுமுன் பழைய வழி அடைபட்டது. ஜேர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டமோ இருபதாண்டு விலையை உறுதிசெய்து, புதிய காற்றாலைகளுக்குரிய விலையை ஆண்டுதோறும் குறைத்துச் சென்றது. அத்தகைய நடுவழி இங்கு வாய்க்கவில்லை.

இதே குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி நிலையம் 2014இல் 900 மெகாவாற்றாக விரிந்தது. மன்னாரில் மின்சார சபையின் 100 மெகாவாற்றுக் காற்றாலை திறக்கப்பட்டதோ 2020 டிசம்பரிலேயாகும். 2022இல் அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் வாங்க இயலாதபோது, நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டையும் கண்டது. விலை கொடுத்து இறக்குமதி செய்யவேண்டாத காற்றைப் புறக்கணித்த ஆண்டுகளின் இழப்பு அன்று தெளிவாயிற்று.

ஆதரவுக் கொள்கையொன்றை அது வழங்கும் விலையின் அளவுகொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. செலவுக்கேற்ற விலை காற்றாலையைத் தோற்றுவிக்கும். கொள்கையின் தொடர்ச்சியே அதனை வளர்க்கும். புத்தளக் கரையோர வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.