மாயவரம் ஜங்ஷன் – 9: எடை போடாத சுமை

போன வாரம் மணியாச்சியில் நிறுத்தினோம். 1911 ஜூன் 17, காலை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் முதல் வகுப்புப் பெட்டியில் குண்டடிபட்டுச் சரிந்துவிட்டார். சுட்ட வாஞ்சிநாதன் ஸ்டேஷன் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அருகே ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கி.

பெல்ஜியத்தில் செய்த துப்பாக்கி அது. நம் ஊர்ப் பக்கம் ஒரு துப்பாக்கியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக அன்று என்ன வழி இருந்தது?

1878 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாத இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கவோ, கப்பலில் தருவிக்கவோ கூடாது. வெள்ளையருக்கு அதிலிருந்து விலக்கு! 1898 தபால் சட்டம் வெடிக்கும் பொருளைத் தபாலில் அனுப்பத் தடை போட்டது. 1890 ரயில்வே சட்டம் இன்னும் கறார். ஆபத்தான சரக்கு என்றால் பெட்டியின் மேலேயே எழுத வேண்டும். ஸ்டேஷனில் சொல்லியாக வேண்டும். சந்தேகம் வந்தால் பிரித்துப் பார்க்கலாம், ஏற்க மாட்டேன் என்று திருப்பியும் அனுப்பலாம். மாயவரம் பார்சல் ஆபீசில் வாழையிலைக் கட்டுக்கும் வெற்றிலைக் கூடைக்கும் நடுவே ஒரு தோட்டாப் பெட்டியை வைத்து ரசீது கேட்கும் துணிச்சல் எந்தப் புரட்சிக்காரருக்கு வரும்?

அவர்கள் பார்சல் ஆபீஸ் பக்கமே போகவில்லை.

1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய 20 பிரௌனிங் துப்பாக்கிகள் பம்பாய் வந்தது ஒரு பயணியின் பெட்டியில். அதற்கு இரட்டை அடித்தட்டு. கொண்டுவந்தவர் இந்தியா ஹவுஸ் சமையல்காரர் சதுர்புஜ் அமீன். அதில் ஒன்றுதான் அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டது. அப்போது லண்டனில் சாவர்க்கருடன் இருந்த நம்மவர் வ.வே.சு. ஐயர், 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். வாஞ்சி சுடப் பழகியது அவரிடம்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் மண். பிரிட்டிஷ் சட்டம் அங்கே செல்லாது. இந்தப் பக்கம் காரைக்காலும் அப்படியே. 1898 முதல் பேரளத்திலிருந்து அதற்கு ரயில் உண்டு. விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் குறுக்குப்பாதை அன்று கிடையாது. புதுச்சேரியில் ஏறித் தெற்கே போகிறவர் சிதம்பரம், சீர்காழி, மாயவரம், தஞ்சாவூர் என்றுதான் போயாக வேண்டும். தராசும் ரசீதும் பார்சலுக்குத்தான். பயணியின் மடியை யார் நிறுத்துப் பார்ப்பார்கள்?

(இன்று இருப்பது 1959 ஆயுதச் சட்டம். சந்தேகப்படும்படி ஆயுதம் கொண்டுபோகிறவரை ரயில்வே ஊழியரே வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். நம் மிராசுதார்களின் ரெட்டைக்குழல் துப்பாக்கிகள் தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புகின்றன. அவற்றைக் கூரியரில் போட முடியாது. லைசென்ஸும் கையுமாகத்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.)

மணியாச்சிக்குத் திரும்புவோம். செங்கோட்டையில் வாஞ்சியின் வீட்டைப் போலீஸ் சோதித்தது. கிடைத்தவை கடிதங்கள். துப்பாக்கிக்கு அஞ்சிய சட்டம் கடிதத்தை விட்டுவைத்திருந்தது, அதுதான் காட்டிக்கொடுத்தது. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டப்பிடாரம் போனார்கள். அங்கே பிடிபட்டவர் அப்ரூவராகி, வாஞ்சி சேர்ந்திருந்த ரகசியக் கூட்டத்துக்குத் தலைவர் யார் என்பதைச் சொல்லிவிட்டார்.

புதுச்சேரியில் இருந்த ஐயரின் பெயரை எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் சொன்ன பெயருக்குரியவருக்கு வயது 21. ஊர், சீர்காழிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கும் எருக்கூர். ஆமாம், இன்று நவீன அரிசி ஆலையால் நாம் அறிந்த அதே எருக்கூர்தான்.

போலீஸ் தேடியபோது அவர் அங்கே இல்லை. ரயில் ஏறியிருந்தார், வெகு வடக்கே.

(தொடரும்)