அலுமினியத்தில் நானோ இழை: வலிமை எதனால் வருகிறது?

ஒரே பருமனில் அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். விறைப்பும் ஏறத்தாழ அதே மூன்றில் ஒரு பங்கு. பிற உலோகங்களைக் கலந்தும் வெப்பப் பதம் செய்தும் அதன் வலிமையைப் பலமடங்கு கூட்டிவிடலாம். ஆனால் விறைப்பின் அளவான, 70 ஜிகாபாஸ்கல் என்ற யங் குணகத்தைப் பெரிதாக நகர்த்த முடியாது. ஏறத்தாழ 1000 ஜிகாபாஸ்கல் குணகமுள்ள கார்பன் நானோக்குழாயை 1991இல் சுமியோ இஜிமா விவரித்தபோது உலோகவியலாரிடம் நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. ஆனால், இந்த நானோக்குழாயை இழையாகச் சேர்த்த அலுமினியக் கலப்புப் பொருள்களில் அளக்கப்படும் வலிமை உயர்வு முழுவதையும் இழையின் கணக்கில் எழுதுவது தவறு என்பதே என் வாதம்.

உருகிய அலுமினியத்தில் இழையைக் கொட்டினால் அது நனையாது. நானோக்குழாயை நனைக்கும் திரவங்களின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.2 நியூட்டனுக்குள் இருக்க வேண்டும். உருகிய அலுமினியத்துக்கு அது நான்கு மடங்குக்கும் மேல். வெப்பத்தை ஏற்றி நனைய வைத்தால் அலுமினியம் கார்பைடு விளைகிறது. அது எளிதில் நொறுங்கும், ஈரம் பட்டால் சிதைந்து மீத்தேனை வெளிவிடும். எனவே பலரும் தூள் உலோகவியலை நாடுகிறார்கள். வான் டெர் வால்ஸ் விசையால் சிக்குப்பிடித்த முடிபோல் திரண்டுகிடக்கும் இழைகளைப் பிரிக்க, அலுமினியத் தூளோடு சேர்த்துப் பந்து ஆலையில் மணிக்கணக்கில் அரைக்கிறார்கள்.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். அரைவையில் இழை முறிகிறது. கெல்லியும் டைசனும் 1965இல் காட்டிய கணக்கின்படி, இழை தன் முழு வலிமையைத் தர அதற்குக் குறைந்தபட்ச நீளம் ஒன்று வேண்டும். 20 நானோமீட்டர் விட்டமும் 30 ஜிகாபாஸ்கல் வலிமையும் உள்ள இழையை, 50 மெகாபாஸ்கல் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு தாங்கும் உலோகம் பற்றியிருந்தால் அந்த நீளம் 6 மைக்ரோமீட்டர். இழை முறிந்து 1 மைக்ரோமீட்டராகிவிட்டால், அதன் நடுவில் ஏறக்கூடிய தகைவு 5 ஜிகாபாஸ்கல் மட்டுமே. மிச்சம் வீண்.

அலுமினியமும் கூடவே அரைபடுகிறது. அதன் படிகமணிகள் நுணுகுகின்றன. ஹால்–பெட்ச் தொடர்பின்படி வலிமை ஏறுகிறது. தூளின் மேலிருந்த ஆக்சைடு படலமும் உடைந்து உள்ளே சிதறி, இடப்பெயர்வுகள் என்னும் படிகக் குறைகளின் நகர்வைத் தடுக்கிறது. இழையே சேர்க்காத தூளும் இப்படி வலுப்பெறும். அதே நேரம் அரைத்து, அதே வெப்பத்தில் பிதுக்கிய வெறும் அலுமினியத்தை அருகில் வைத்துக் காட்டாத முடிவு எதையும் நிறுவுவதில்லை.

விறைப்பு இதைவிட நம்பகமான சாட்சி. மணியளவு மைக்ரோமீட்டர்களில் மாறுவதால் அது மாறாது. பருமனில் 2 விழுக்காடு நீண்ட இழைகள் ஒரே திசையில் அமைந்தால் குணகம் 89 ஜிகாபாஸ்கலை எட்டலாம். எல்லாத் திசைகளிலும் சிதறினால் 73ஐக்கூடத் தொடாது. ஆகவே, அரைக்கும் நேரத்தைக் கூட்டுவதைவிட இழையின் நீளத்தைக் காத்து ஒருதிசைப்படுத்துவதில்தான் உழைப்பைச் செலுத்த வேண்டும்.

மணிகள் மீண்டும் வளராமல் இழை தடுக்கிறதே, அதுவும் பயன்தானே என்று கேட்கலாம். உண்மைதான், அதை வெப்பத்தில்தான் சோதிக்க வேண்டும். 1998இல் ஜப்பானின் குசுமாகி குழு அப்படித்தான் செய்தது. 600 டிகிரி செல்சியஸில் வெகுநேரம் வைத்தபின்னும் நானோக்குழாய் சேர்ந்த அலுமினியம் வலிமையை அதிகம் இழக்கவில்லை. அதே முறையில் செய்த வெறும் அலுமினியம் வெகுவாக இழந்தது.